கழுத்திலிருந்து வாலுக்கு

யானையோடு இந்தக் கட்டுரையாளருக்கு உள்ள பழக்கம் கோயில் வாசலோடு சரி. துதிக்கையில் நாணயத்தை வைத்துவிட்டு, ஆசீர்வாதம் தலையில் இறங்குவதற்குள் மனைவியின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிவிடும் வீரர் அவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிறு மதியம் 1937-இல் வந்த 'எலிஃபன்ட் பாய்' படத்தைப் பார்க்க உட்கார்ந்தார். பொடியன் ஒருவன் மலைபோன்ற கொம்பன் மீது ஏறி, வீட்டுத் திண்ணைபோல அதன் கழுத்தில் சாவகாசமாக உட்கார்ந்தான். கட்டுரையாளர் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பொடியன் பெயர் சாபு. மைசூர் சமஸ்தானத்தின் காராப்பூரில் 1924-இல் பிறந்த பாகன் மகன். அப்பா இறந்தபின் மகாராஜாவின் யானைக்கொட்டாரமே அவனுக்கு வீடு. இங்கிலீஷ் தெரியாது, நடிப்பு தெரியாது, யானையைத் தெரியும்.

கிப்ளிங் எழுதிய மூலக்கதை நடப்பது அசாம் பக்கத்துக் காரோ மலையில். ஆனால் படக்குழு வந்திறங்கியது மைசூரில். காட்டு யானைகளைக் கூட்டமாக வளைத்துப் பிடிக்கும் 'கெட்டா'வுக்குப் பெயர்போன ஊர். அரண்மனையும் யானைகளைத் தாராளமாகக் கொடுத்தது.

இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி ஆவணப்பட மேதை. கதைக்கு அவசரப்படாமல் மைல் கணக்கில் பிலிமை ஓட்டினார். லண்டனில் இருந்த தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவுக்கு அடிவயிற்றில் புளி கரைத்தது. சாபுவைக் கப்பலேற்றி வரவழைத்து, டென்ஹாம் ஸ்டூடியோவில் தம்பி ஜோல்டானை விட்டு மீதிக் கதையை எடுக்கச் செய்தார். அத்தனை மைலும் சுருங்கி ஏறக்குறைய 80 நிமிடப் படமானது. இரண்டு பேர் கிண்டிய அல்வா கெட்டுப்போயிருக்க வேண்டும். ஆனால் வெனிஸ் திரைப்பட விழாவில் இருவருக்குமே இயக்குநர் பரிசு கிடைத்தது!

வேடிக்கை என்னவென்றால், முக்கியமான இந்திய வேடங்களில் முகத்துக்குச் சாயம் பூசிய ஆங்கிலேயர்கள். 'மச்சுவா அப்பா'வாக வருபவர் வாயைத் திறந்தால் லண்டன் நாடக மேடை மணக்கிறது. சாயமே பூசாமல் பேர் வாங்கியவர்கள் இருவர்: சாபுவும், 'காலா நாக்' ஆக வந்த அரண்மனை யானை ஐராவதமும்.

ஐராவதம் பிற்பாடு மைசூர் தசராவில் தங்க அம்பாரி சுமந்தது. சாபுவோ ஹாலிவுட்டுக்குப் போய், 1944-இல் அமெரிக்கக் குடிமகனாகி, ராணுவ விமானத்தில் துப்பாக்கிச் சுடுநராகச் சேர்ந்தான். யானையின் கழுத்தில் உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு விமானத்தில் கிடைத்த இடம், வால்.