குறுமுனியும் குறுக்கெழுத்தும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள் வித்துராவில் ஒரு டீ குடிப்பார்கள். பிறகு கல்லாற்றைத் தாண்டி, மலையேறும் 22 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அதே வித்துராவிலிருந்து போணக்காட்டுக்குப் பிரியும் சாலை அகத்தியர்கூடத்தின் அடிவாரம் வரை போகிறது. மலையின் உயரம் 1,868 மீட்டர். அதில் குடியிருப்பதாக நம்பப்படும் முனிவரின் உயரமோ, புராணங்கள் ஒரே குரலில் சொல்வதுபோல, மிகக் குறைவு. தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவர் என்று மரபு சொல்லும் அந்தக் குறுமுனிதான் குறுக்கெழுத்தின் காவல் தெய்வமாகவும் இருக்க முடியும் என்பதை ஆய்வுலகம் இத்தனை நாள் கவனியாதது வியப்பே.

சான்றுகளுக்கு வருவோம்: பேச்சில் வழக்கொழிந்த அவருடைய பழந்தமிழ்ச் சொற்கள் இன்றும் வாழ்வது குறுக்கெழுத்துக் கட்டங்களில்தான். மூங்கில் என்று குறிப்பு இருந்தால் 'வேய்' எழுத வேண்டும். கடல் என்றால் ஆழி, நகம் என்றால் உகிர், நெற்றி என்றால் நுதல், வண்டு என்றால் ஞிமிறு. எயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு எவரும் பல் டாக்டரிடம் போனதில்லை. ஆனால் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் எயிற்றுக்கு என்றும் வேலை உண்டு.

இது தமிழுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்துப் புதிரிலேயே, கோமுட்டி என்னும் பனையின் நாருக்கு மூன்றெழுத்தில் என்ன பெயர் என்று ஒரு கேள்வி இருந்தது. விடை 'டோ' (doh). பனையைக் கண்டிராத நியூயார்க் நகரத்தார் அந்த நாரை எங்கே போய்த் தேடியிருப்பார்கள்? எழுத்து பொருந்தியது, சொல்லும் உள்ளே வந்துவிட்டது.

தமிழில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஆங்கிலக் கட்டத்தில் விழக்கூடிய எழுத்துகள் 26. தமிழ்க் கட்டத்தில் மெய்யும் உயிரும் ஒன்றாகவே குடியேறுகின்றன; 'ளி' இருக்கும் இடத்தில் 'ள' உதவாது, 'ளு'வும் உதவாது. போதாக்குறைக்கு இலக்கணம் வேறு வழிமறிக்கிறது. மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது; ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளும் தமிழ்ச் சொல்லைத் தொடங்கா; உயிரெழுத்து, அளபெடை நீங்கலாக, சொல்லின் நடுவில் வராது. 'மரம்' என்று எழுதிவிட்டுக் கடைசி 'ம்'மிலிருந்து கீழே ஒரு சொல்லை இறக்க அகத்தியராலும் முடியாது.

தமிழ்க் குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று இரண்டு திசைகள் கூடுதலாக இருப்பது இதனால்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு. இறங்க முடியாத 'ம்'முக்குக் கீழேயிருந்து ஒரு சொல்லை ஏற்றி அதில் முடித்துவிடலாம் அல்லவா? அப்படியும் மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சினால், புதிர் அமைப்பவர் பழஞ்சொல்லைத் தேடிப் போகிறார்.

அவருக்கு உதவும் நூல் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் 11ஆம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. அதன் சொற்கள் எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து, அடுக்கப்பட்டிருக்கின்றன. மனப்பாடம் செய்வதற்காக அப்படி அமைத்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். முதல் கட்டம் காலியாக, இரண்டாம் கட்டத்தில் மட்டும் ஓர் எழுத்து விழுந்து, பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பவருக்கு உண்மைக் காரணம் தெரியும்.

ஓர் அநியாயத்தையும் பதிவு செய்தாக வேண்டும். நன்னூல் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று கணக்குச் சொல்கிறது. ஏ என்றால் அம்பு, சோ என்றால் மதில், ஓ என்றால் மதகில் நீரைத் தடுக்கும் பலகை. யா என்பது ஒரு மரம். அதன் பட்டையை உரித்துத் தன் பிடியின் பசி தீர்க்கும் களிற்றைச் சங்கப் பாடலில் பார்க்கலாம். குறிலில் இரண்டே இரண்டு: நொ, து. இத்தனை செல்வம் இருந்தும் ஒற்றைக் கட்டத்துக்கு எந்தப் பத்திரிகையும் குறிப்பு எழுதுவதில்லை. இரண்டிரண்டாக ஒட்டித்தான் பிழைக்க வேண்டும்: நாவும் கையும் சேர்ந்தால் நாகை, அரசனுக்குப் பக்கத்தில் வைக்கோலைப் போட்டால் கோவை.

இனி வித்துராவில் கள ஆய்வு. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் அக்கா, தமிழ் வாரப் பத்திரிகையோடு டீக்கடை பெஞ்சில் போணக்காட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று ஆய்வின் பொருட்டு வைத்துக்கொள்வோம். 'பெண் யானை (2)' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"சேட்டா, பொம்பள ஆனைக்கு ரெண்டெழுத்துல என்ன பேரு?"

"பிடி," என்பார் டீக்கடைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே. அவர் நிகண்டு படித்தவர் இல்லை. காட்டோரத்து ஊரில் யானை இறங்கினால் வந்தது கொம்பனா பிடியா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விவரம். 'பாக்கு மரம் (3)' என்று கேட்டால் கடைக்குப் பின்னால் நிற்கும் கமுகைக் காட்டுவார். 'ஞ' வேண்டுமென்று தவிக்கும் கட்டத்துக்கு நண்டை ஞண்டு என்றே சொல்லித் தருவார். மலையாளத்தில் அது இன்றும் அப்படித்தான் ஊர்கிறது. தமிழில் பரணுக்குப் போன சொற்களுக்கு மலையின் இந்தப் பக்கம் அன்றாட வேலை இருக்கிறது. கூற்று மெய்ப்பிக்கப்பட்டது.

முடிவாக, குறுமுனியின் பெயரால் ஒரே ஒரு கட்டம் கொண்ட குறுக்கெழுத்து ஒன்றை இக்கட்டுரை முன்மொழிகிறது. இடமில்லை என்று எந்தப் பத்திரிகை ஆசிரியரும் இதைத் திருப்பி அனுப்ப முடியாது. இடமிருந்து வலம்: குதிரை. வலமிருந்து இடம்: அரிசியை அரைத்தால் கிடைப்பது. மேலிருந்து கீழ்: கோடையில் காய்த்துத் தொங்கும். கீழிருந்து மேல்: ஒரு வேலி நிலத்தில் இருபதில் ஒரு பங்கு.