நூற்றுக்கு எத்தனை போடலாம்?

சர்வாதிகாரிக்குத் தேர்தல் என்றாலே வேப்பங்காய் என்று நினைப்பவர்கள் துர்க்மெனிஸ்தான் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். சோவியத் யூனியன் கடையைக் கட்டியபோது அந்தப் பாலைவன நாட்டில் மிஞ்சிய தலைவருக்கு ஓட்டுப்பெட்டி மேல் கொள்ளைப் பிரியம். எதிர்த்து நிற்க ஆள் இல்லையென்றாலும் தேர்தல் நடத்தினார். பதவிக்காலம் பாதிகூடத் தீராதபோது வாக்கெடுப்பு நடத்தினார். அவருக்கு இருந்த ஒரே சங்கடம், கடைசியில் நூற்றுக்கு எத்தனை போடுவது என்பதுதான். கம்மியாகப் போட்டால் கௌரவக் குறைச்சல். நூறே போட்டுவிட்டால் ஊர் சிரிக்கும்.

ஆசாமியின் பெயர் சபர்முராத் நியாசோவ். அப்பா இரண்டாம் உலகப்போரில் போனார். 1948இல் தலைநகர் அஷ்காபாத்தைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தில் அம்மாவும் சகோதரர்களும் போனார்கள். அநாதை இல்லத்தில் வளர்ந்த பையனைக் கட்சி ஆளாக்கி, 1985இல் துர்க்மென் குடியரசின் முதல் செயலாளர் நாற்காலியில் உட்காரவைத்தது. அதே வருஷம்தான் மாஸ்கோவில் கோர்பச்சேவ் பதவிக்கு வந்து ஜன்னல்களைத் திறக்க ஆரம்பித்தார். நம்மாள் அஷ்காபாத்தில் கொக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

1990 அக்டோபரில் ஜனாதிபதித் தேர்தல். வேட்பாளர் ஒரே ஒருவர். விழுந்தது 98.3 சதவீதம். 1991 மார்ச்சில், சோவியத் யூனியன் நீடிக்கலாமா என்று மாஸ்கோ கேட்டது. துர்க்மெனிஸ்தானில் 98 சதவீதம் பேர் ‘பேஷாக’ என்றார்கள். ஏழே மாதம் கழித்து, தனிநாடாகப் போய்விடலாமா என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் அதற்கும் ‘பேஷாக’. இரண்டு தடவையும் அதே ஜனங்கள்தான் ஓட்டுப் போட்டார்கள் என்றால், குறைந்தபட்சம் 92 சதவீதம் பேர் சேர்ந்திருக்கவும் விரும்பினார்கள், பிரிந்து போகவும் விரும்பினார்கள். இப்படி ஒரு பரந்த மனசு உலகத்தில் வேறெங்கும் பதிவாகவில்லை.

டிசம்பரில் கம்யூனிஸ்ட் கட்சியைக் கலைத்தார்கள். மறு நிமிஷமே துர்க்மெனிஸ்தான் ஜனநாயகக் கட்சி உதயமானது. தலைவர் நியாசோவ். பழைய கள், புதிய மொந்தை என்பார்கள். இங்கே மொந்தையையும் மாற்றவில்லை. போர்டு எழுதுகிறவருக்கு மட்டும் அன்றைக்குக் கூலி கிடைத்திருக்கும்.

1992இல் புது அரசியல் சட்டம் வந்தது. அதற்குத் தக்கபடி ஒரு புதுத் தேர்தல். தனி ஆள், 99.5. 1994இல், இந்த மனிதரை மறுபடி மறுபடி தேர்தலில் நிற்கவைத்து அலைக்கழிப்பானேன் என்று 2002 வரை பதவியை நீட்டிக்க ஒரு வாக்கெடுப்பு. ஏறத்தாழ 20 லட்சம் பேர் ஓட்டுப் போட்டதில் எதிர்த்தவர்கள் 212 பேர். எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே சுவாரஸ்யமானவர்கள் அந்த 212 பேர்தான். நிஜமாகவே இருந்தார்களா? அல்லது நூறு என்று போடக் கூச்சப்பட்டு ஏதோ ஒரு குமாஸ்தா உண்டாக்கிய ஜீவன்களா? அப்படியானால் 200 என்று ரவுண்டாகப் போடாமல் 12ஐயும் சேர்த்தாரே, அவர் கலைஞர். 1999 டிசம்பரில் நாடாளுமன்றம் அவரை ஆயுட்கால ஜனாதிபதி ஆக்கியதும் அந்தக் கலைக்கும் வேலையில்லாமல் போனது.

இதற்குள் அவர் துர்க்மென்பாஷி, அதாவது துர்க்மென்கள் எல்லோருக்கும் தலைவர். காஸ்பியன் கடலோரத் துறைமுக நகரம் ஒன்று அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. பண நோட்டில் அவர் முகம். நரைத்த தலைக்கு ஒருநாள் சாயம் பூசிக்கொண்டார். ஊரெல்லாம் தொங்கிய படங்களுக்கும் இளமை திரும்ப வேண்டியதாயிற்று. 1998இல் அஷ்காபாத்தில் 75 மீட்டர் உயரத்துக்கு ஒரு வளைவு கட்டி, உச்சியில் 12 மீட்டருக்குத் தங்க முலாம் பூசிய தன் சிலையை வைத்தார். அது சூரியனைப் பார்த்தபடி நாள் முழுக்கச் சுழன்றது. சூரியன்தான் சிலையைப் பார்த்துச் சுழல்கிறது என்று சொன்ன அதிகாரிகள் இருந்திருந்தால் பதவி உயர்வு பெற்றிருப்பார்கள்.

2002இல் மாதங்களின் பெயரை மாற்றினார். ஜனவரிக்குத் தன் பெயர், ஏப்ரலுக்கு அம்மா குர்பான்சுல்தான் பெயர், செப்டம்பருக்குத் தான் எழுதிய ‘ருஹ்நாமா’ என்ற புத்தகத்தின் பெயர். அந்தப் புத்தகம் பள்ளிக்கூடத்தில் பாடம், வேலைக்குப் போனால் பரீட்சை. டிரைவிங் லைசென்ஸ் வாங்கவும் அதைத்தான் படிக்க வேண்டியிருந்தது. லாரியை ரிவர்ஸ் எடுக்க அது எப்படி உதவும் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று தடவை படித்தவர்களுக்குச் சொர்க்கம் நிச்சயம் என்று ஆசிரியரே அறிவித்தார். எந்தப் பதிப்பாளருக்கும் வாய்க்காத விளம்பரம். ஆபராவும் பாலேயும் துர்க்மென் ரத்தத்துக்கு ஒத்துவராது என்று தடை. பாட்டுக்கு வாயசைத்து ஏமாற்றுவதற்கும் தடை. இந்த ஒன்றில் மட்டும் எனக்கு அவர்மேல் லேசான மரியாதை உண்டு.

இத்தனையையும் ஜனங்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்றால், ஒரு காரணம் பூமிக்கடியில் இருந்தது. இயற்கை எரிவாயு இருப்பில் உலகின் முதல் சில நாடுகளில் ஒன்று அது. 1993 முதல் 2018 வரை வீட்டுக்கு கேஸ், கரண்ட், தண்ணீர், உப்பு எல்லாம் இலவசமாகக் கிடைத்தன. தீப்பெட்டிக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்ததால் அடுப்பை அணைக்காமலே விட்டார்கள் என்று சொல்வார்கள். இன்னொரு காரணம் சிரிக்கிற மாதிரி இல்லை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் பரீஸ் ஷிக்முராதோவ் 2002இல் கொலைச்சதி வழக்கில் பிடிபட்டார். டெலிவிஷனில் தன்னைத்தானே கேவலப்படுத்திக்கொண்டு வாக்குமூலம் வாசித்தார். ஆயுள் தண்டனை. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக்கூடக் குடும்பத்துக்குச் சொல்லவில்லை.

கம்யூனிசத்தில் ஊறியவர்களுக்கு ஜனநாயகம் செரிக்காது, வேறென்ன செய்வது என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. மங்கோலியா எழுபது வருஷம் அதே மருந்தைக் குடித்த நாடு. அங்கே பழைய கம்யூனிஸ்ட் கட்சி 1996 தேர்தலில் தோற்றது. மூட்டை கட்டிக்கொண்டு எதிர்க்கட்சி பெஞ்சுக்குப் போனது. நாலு வருஷத்தில் ஜெயித்துத் திரும்பி வந்தது. குடல் ஒன்றும் புரளவில்லை.

நூற்றுக்கு எத்தனை என்ற தலைவலி அக்கம்பக்கத்திலும் இருந்தது. உஸ்பெகிஸ்தானில் ஜனாதிபதி கரீமோவ் 2000இல் முறைப்படி ஓர் எதிரியை நிறுத்திவைத்தார். அந்த எதிரி ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, நானும் கரீமோவுக்குத்தான் போட்டேன் என்றார். அப்படியும் அவருக்கு நாலு சதவீதம் விழுந்தது. அவரே போடாத ஓட்டை அவருக்கு யார் போட்டார்களோ! அஜர்பைஜானில் 2013இல் தேர்தல் ஆணையத்தின் செல்போன் செயலி, தேர்தலுக்கு முந்தின நாளே ஜனாதிபதி அலியேவ் 72.76 சதவீதம் வாங்கி ஜெயித்ததாக அறிவித்துவிட்டது. சோதனைக்காகப் போட்ட பழைய கணக்கு என்று சமாளித்தார்கள். மறுநாள் அவர் வாங்கியது 84க்கும் மேல். ஒரே ராத்திரியில் இத்தனை வளர்ச்சி.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் பெலாரூஸின் லூகஷென்கோ. அரசுப் பண்ணை இயக்குநராக இருந்த அவர் 1994இல் ஊழலை ஒழிப்பேன் என்று சொல்லி, பிரதமரையே எதிர்த்து நின்று, நிஜமான தேர்தலில் நிஜமாகவே 80 சதவீதம் வாங்கினார். கடைசியாக நடந்த நிஜத் தேர்தலும் அதுதான். 2006 தேர்தல் முடிந்து சில மாதம் கழித்து உக்ரைன் பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார்: ஆமாம், முடிவைத் திருத்தினோம், எனக்கு விழுந்தது 93.5, ஐரோப்பியர்கள் கண்ணுக்கு உறுத்துமே என்று 86 ஆகக் குறைத்தோம். தன் ஓட்டைத் தானே திருடிய ஒரே வேட்பாளர்! அதிலும் ஒரு சிக்கல்: அதிகாரபூர்வமாக வெளியான கணக்கு 83. நடுவில் மூன்று சதவீதத்தை எந்தக் குமாஸ்தா அமுக்கினாரோ. பாக்கி தீர்க்கப்பட்டது 2025இல்: 86.82.

2011இல் அங்கே ஜனங்கள் கோஷம் போடாமல், தெருவில் நின்று சும்மா கைதட்டினார்கள். கைதட்டியவர்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அள்ளியதில் ஒருவருக்கு ஒரு கைதான் இருந்தது. 2013இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசின் ‘சமாதான’ விருதை லூகஷென்கோவுக்கும் அந்தப் போலீசுக்கும் பங்குபோட்டுக் கொடுத்தார்கள்.

அஷ்காபாத்துக்கு வருவோம். 2004இல் மாணவர்கள் கூட்டத்தில் ஒரு பெண்ணின் தங்கப் பல் துர்க்மென்பாஷியின் கண்ணில் பட்டது. சின்ன வயசில் நான் நாய்களைப் பார்த்திருக்கிறேன், எலும்பு கடித்துக் கடித்துப் பல் உறுதியாகும், நீங்களும் கடியுங்கள் என்றார். கூடவே, இதோ நம் சுகாதார அமைச்சரே பல் டாக்டர்தான், உனக்கு வெள்ளைப் பல் கட்டிவிடுவார் என்றார். தலைவருக்கே பல் பார்த்த அந்த டாக்டர் குர்பான்குலி பெர்திமுகமெதோவ். வாய்க்குள் கைவிட அனுமதி பெற்றவர், வாயைத் திறக்காமல் இருந்தார். அதே வருஷம் அவர் துறையில் 15,000 மருத்துவ ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோதும் அவர் பதவி ஆடவில்லை.

2006 டிசம்பர் 21இல் ஆயுட்கால ஜனாதிபதியின் ஆயுட்காலம் முடிந்தது. சட்டப்படி சபாநாயகர் இடைக்கால ஜனாதிபதி ஆகியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கே அவர்மேல் ஒரு கிரிமினல் வழக்கு முளைத்தது. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். இடைக்கால ஜனாதிபதி தேர்தலில் நிற்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. சட்டத்தைப் பிடுங்கினார்கள், வலியே தெரியாமல். தேர்தலில் ஆறு பேர் நின்றார்கள், ஆறு பேரும் ஒரே கட்சி. டாக்டருக்கு 89.23. புது ஆள், அடக்கமாக ஆரம்பித்திருக்கிறார் என்று நினைத்தால், எட்டு பேர் நின்ற 2012இல் 97.14, ஒன்பது பேர் நின்ற 2017இல் 97.69. போட்டி கூடக்கூட ஓட்டும் கூடியது. மாதங்களுக்குப் பழைய பெயர் வந்தது, ஆபரா வந்தது, சுழலும் சிலையை ஊர் ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஊர் நடுவில் குதிரைமேல் ஏறிய தங்க டாக்டர் வந்தார். நிஜக் குதிரை அவ்வளவு விசுவாசமானது இல்லை. 2013இல் ஒரு பந்தயத்தில் அவரை முதலாவதாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கோட்டைத் தாண்டியதும் குப்புறத் தள்ளியது. அரசு டெலிவிஷன் கோடு வரைக்கும்தான் காட்டியது.

2022இல் மகன் செர்தாருக்கு நாற்காலியை ஒப்படைத்தார். ஜனாதிபதி ஆகக் குறைந்தபட்ச வயது 40. மகனுக்கு ஆறு மாதம் முன்புதான் அது நிறைந்திருந்தது. ஓட்டு 72.97. அப்பா உட்கார்ந்திருக்கும்போது மகன் 97 வாங்கினால் மரியாதையாக இருக்காதல்லவா. அப்பாவுக்குத் ‘தேசியத் தலைவர்’ பட்டமும், அவருடைய விருதுப்பெயரான ஆர்க்கதாக் என்ற பெயரில் ஒரு புத்தம்புது நகரமும் கிடைத்தன. அந்த நகரத்துக்கு அதே பெயரில் ஒரு கால்பந்து அணி. 2023இல் தேசிய லீக்கில் முதல் தடவையாக இறங்கியது. ஆடிய ஆட்டம் அத்தனையிலும் ஜெயித்தது. துர்க்மென்பாஷிகூடப் போடக் கூச்சப்பட்ட நூற்றுக்கு நூறு.