நாலாயிரம் எழுத்துக்குள் ஒரு காதல்

பிரிட்டனில் பொருளாதாரம் படிக்க விண்ணப்பிக்கும் 17 வயதுப் பிள்ளையின் விண்ணப்பக் கடிதத்துக்கு, பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் ஒதுக்குவது 4000 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. பற்றாக்குறைப் பாடம் அங்கேயே ஆரம்பம். ஐந்து இடங்களுக்குப் போடலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுதான். ஐந்துக்கும் போவது ஒரே கடிதம் என்பதால், 'உங்களை விட்டால் எனக்கு யாருமில்லை' என்று எவரிடமும் உருக வழியில்லை. ஆகவே பிள்ளை பணவீக்கத்திடம் உருகுகிறது. பால் விலை ஏறியதைக் கண்ட நாள்முதலாம்!

கேம்பிரிட்ஜும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் (எல்எஸ்இ) உருக்கத்தை மட்டும் நம்புவதில்லை. கால்குலேட்டர் இல்லாமல், தலா 75 நிமிடத்தில் இரண்டு கணக்குத் தாள்கள் வைக்கின்றன.

இடம் கிடைத்தவர்கள் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது: "இயல்பா எழுதுங்க." ஆசிரியரும் கட்டண ஆலோசகரும் மாறிமாறித் திருத்திக் கொடுத்த இயல்பைத்தான் சொல்கிறார்கள்.