எங்க ஆள் பேரு எங்கே?

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் மணமகள் யார், முகூர்த்தம் எப்போது என்றெல்லாம் பார்க்காமல், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற இடத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடுகிற சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அமெரிக்க அரசியலில் அந்தச் சித்தப்பாவின் பெயர், ரான் பால் ஆதரவாளர். 2007 முதல் 2012 வரை, ஜனாதிபதி வேட்பாளர்கள் குறித்துக் கருத்துக்கணிப்பு வெளிவந்த நாளெல்லாம் இவருக்கு ரத்த அழுத்தம் ஏறிய நாள். யார் முதலிடம், யார் இரண்டாமிடம் என்பதெல்லாம் அப்புறம். பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை பார்ப்பார். பிறகு செய்தித்தாளை மேஜையில் அறைவார். “எங்க ஆள் பேரு எங்கே?”

இவரைக் கண்டுபிடிப்பது எளிது. காரின் பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டாத இடம் என்று நம்பர் பிளேட் மட்டும் மிஞ்சியிருக்கும். சட்டைப் பையில் உள்ளங்கை அளவில் அரசியல் சாசனம். கையில், தானே பெயின்ட் அடித்த அட்டை: ‘கூகுளில் ரான் பால் என்று தேடுங்கள்’. மற்றக் கட்சிக்காரர்கள் ஓட்டுப் போடச் சொல்வார்கள். இவர் முதலில் தேடச் சொல்வார். தேடினால் கிடைப்பவர் டெக்சாஸைச் சேர்ந்த அன்றைய பிரதிநிதிகள் சபை உறுப்பினர், தொழிலால் மகப்பேறு மருத்துவர். 4,000 பிரசவங்களுக்கு மேல் பார்த்தவர். சபையில் மசோதாக்களுக்கு எதிராகவே வாக்களித்து வாக்களித்து ‘டாக்டர் நோ’ என்று பெயரெடுத்தவர். மத்திய வங்கியை மூடு, வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தை வீட்டுக்கு அழை என்று ஒரே பல்லவியைப் பல ஆண்டுகளாகப் பாடுபவர். இப்படிப்பட்டவரை நாடு ஏன் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை என்று கேட்டால், நம்மவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும்: “கேட்டாத்தானே சொல்வாங்க? யாரும் கேக்கவே இல்லையே!”

கேட்டால் சொல்வதற்காகவே வீட்டில் பழைய தொலைபேசியை வைத்திருக்கிறார். ‘எல்லோரும் கைப்பேசிக்கு மாறியாச்சு, மாதாமாதம் இதுக்கு வேற பில் கட்டணுமா?’ என்று மனைவி கேட்டுச் சலித்துவிட்டார். ஒருநாள் இரவு, சூப்பில் கரண்டியை வைத்த நேரம், அது அடித்தது.

“சார், ஒரு கருத்துக்கணிப்புக்காகப் பேசுறேன். அஞ்சு நிமிஷம் கிடைக்குமா?”

“அஞ்சு மணி நேரம் வேணும்னாலும் எடுத்துக்கங்கம்மா.”

“இன்னிக்குக் குடியரசுக் கட்சியில வேட்பாளர் தேர்வு நடந்தா யாருக்கு ஓட்டுப் போடுவீங்க? ஜூலியானி, மெக்கெய்ன், ராம்னி, தாம்ப்சன், ஹக்கபீ, வேறொருவர்.”

“இன்னொரு தடவ படிங்க.”

படித்தாள்.

“ரான் பால்.”

“வேறொருவர்னு போட்டுக்கிறேன் சார்.”

“வேறொருவரா? அந்த மனுஷனுக்குப் பெத்தவங்க பேரு வச்சிருக்காங்கம்மா. ரெண்டே ரெண்டு சொல்லு. எழுத்துக்கூட்டிச் சொல்றேன், எழுதிக்கங்க.”

“எழுத இடமில்ல சார், பட்டன்தான் இருக்கு. சரி, இவங்கள்ல உங்க இரண்டாவது தேர்வு யாரு?”

“ரான் பால்.”

“அதுவும் வேறொருவர். உங்க வயசு சார்?”

“மத்திய வங்கிய ஆரம்பிச்சது 1913ல. அதுலேருந்துதான் இந்த டாலருக்கு...”

“உங்க வயசு சார்.”

சூப் ஆறிப்போனது. ஆனால் நம்மவர் அன்றிரவு உற்சாகத்தில் தூங்கவில்லை. இத்தனை காலமும் சந்தேகமாக இருந்த சதிக்கு இப்போது அவரே நேரடி சாட்சி.

மறுநாள் முதல் அவர் புள்ளியியல் பேராசிரியர். ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு முப்பது கோடிப் பேர் கொண்ட நாட்டைப் பற்றிப் பேசுகிறார்களே, இது அடுக்குமா என்று ஆரம்பிப்பார். கைப்பேசிகளைத் தானியங்கி இயந்திரம் வைத்து அழைப்பதற்கு 1991ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதித்திருப்பதால், அந்நாளில் பல கணிப்புகள் வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருந்தன. எங்கள் ஆட்களோ கல்லூரிப் பிள்ளைகள், அவர்களிடம் ஏது வீட்டுத் தொலைபேசி என்பது அடுத்த வாதம். கடைசியாக 1936ஐக் கையிலெடுப்பார். அந்த ஆண்டு ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ஜனாதிபதி தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. இருந்த 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். “ஒரு கோடிப் பேரைக் கேட்டவனே கோட்டை விட்டான், ஆயிரம் பேரைக் கேட்டவன் எந்த மூலைக்கு?” என்பார். எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைவிட யாரைக் கேட்டார்கள் என்பதுதான் முக்கியம் என்று 1936 கற்றுக்கொடுத்த பாடத்தை மட்டும் வசதியாகத் தாண்டிவிடுவார்.

கருத்துக்கணிப்பே மோசடி என்பவர், தன் ஆள் ஜெயித்த கணிப்பு என்றால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். 2007 அக்டோபரில் மிஷிகனில் வேட்பாளர் விவாதம் முடிந்ததும், சிஎன்பிசி தொலைக்காட்சி தன் இணையதளத்தில் ‘யார் ஜெயித்தது?’ என்று கேட்டது. ஏறத்தாழ 7,000 வாக்குகளில் 75 விழுக்காடு ரான் பாலுக்கு! ஒரே கூட்டம் திரண்டு வந்து குத்தியிருக்கிறது என்று சொல்லி அந்தக் கணிப்பையே தூக்கிவிட்டார்கள். “பாத்தீங்களா! மக்கள் தீர்ப்பை மறைச்சுட்டான்!” என்றார் நம்மவர். அந்த மக்களில் அவரும் அவருடைய மைத்துனனும் அலுவலக நண்பர்களும் அடக்கம்.

கேட்காத காதுக்குக் கேட்கும்படி கத்தவும் இவருக்குத் தெரியும். 2007 நவம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் 40 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை திரட்டினார்கள். டிசம்பர் 16, பாஸ்டன் தேநீர்க் கலகத்தின் நினைவு நாளில், ஏறத்தாழ 60 லட்சம். போதாதென்று தலைவர் பெயர் எழுதிய ஒரு வான்கப்பலை வாடகைக்குப் பிடித்து ஆகாயத்தில் ஓட்டினார்கள். காகிதத்தில் இடம் தராவிட்டால் போங்கள், வானத்தில் இடம் இருக்கிறது!

சிரித்துவிட்டோம், சரி. ஆனால் நம்மவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2008 ஜனவரியில் அயோவா கட்சிக் கூட்டங்களில் ரான் பால் வாங்கியது ஏறத்தாழ 10 விழுக்காடு. ஜூலியானி 4ஐக்கூடத் தொடவில்லை. மூன்று நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி நடத்திய வேட்பாளர் அரங்கில் ஜூலியானிக்கு நாற்காலி இருந்தது, ரான் பாலுக்கு இல்லை. அந்த மாநிலக் குடியரசுக் கட்சியே ‘இது சரியில்லை’ என்று சொல்லி, நிகழ்ச்சிக்குத் தந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. 2011 ஆகஸ்டில் அயோவாவின் ஏம்ஸ் நகரில் மாதிரி வாக்கெடுப்பு. 30 டாலர் டிக்கெட் எடுத்தவர்களுக்குத்தான் ஓட்டு. டிக்கெட்டை வேட்பாளர்களே வாங்கிக் கொடுத்துச் சாப்பாடும் போட்டார்கள். மிஷேல் பாக்மன் 4,823 வாக்கு, ரான் பால் 4,671. வித்தியாசம் 152. மறுநாள் தொலைக்காட்சிகள் முதலிடத்தைப் பேசின, மூன்றாமிடத்தைப் பேசின, அன்று போட்டியில் பெயரே இல்லாத ரிக் பெர்ரியைப் பேசின. இரண்டாமிடத்தைப் பேச ஆளில்லை. ஜான் ஸ்டூவர்ட் தன் நையாண்டி நிகழ்ச்சியில் இதைப் போட்டுக் கிழித்த பிறகுதான் பலருக்கு விஷயமே உறைத்தது.

கணிப்பு நடத்துபவரைக் கேட்டால் அவரும் நல்லவராகத்தான் பேசுவார். தொலைபேசியில் பத்துப் பெயர் படித்தால், பத்தாவது வரும்போது முதலாவது மறந்துபோகும். அதனால் செல்வாக்கு உள்ளவர்களை மட்டும் கேட்கிறோம் என்பார். செல்வாக்கு உண்டா இல்லையா என்று எப்படித் தெரியும்? முந்தைய கணிப்பைப் பார்த்து. முந்தைய கணிப்பில் கேட்டீர்களா? செல்வாக்கு இல்லையே, எப்படிக் கேட்பது? விதை முந்தியா மரம் முந்தியா என்ற கதை இது. இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றி வந்துதான் நம்மவருக்குத் தலை சுற்றியது.

உண்மையில் அவருக்கு வந்த பெரிய சோதனை, பெயர் விடுபட்டபோது வரவில்லை, சேர்த்தபோது வந்தது. 2012 ஜனவரி அயோவாத் தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு டிமாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழ் கணிப்பு வெளியிட்டது. ரான் பால் பெயர் தடித்த எழுத்தில், 22 விழுக்காட்டுடன் இரண்டாமிடத்தில். நம்மவர் திகைத்துப்போனார். பட்டியலை மூன்று முறை பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. வாக்கு எண்ணினார்கள்: 21 விழுக்காடு, மூன்றாமிடம். கணிப்பு கிட்டத்தட்ட அப்படியே பலித்துவிட்டது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெயரை மறைத்தால் நாடே நம் பக்கம் என்று நம்பலாம். பெயரைப் போட்டு எண்ணியும் காட்டிவிட்டால் எதை நம்புவது?

நல்லவேளை, கட்சியே அவரைக் காப்பாற்றியது. அந்த ஆகஸ்டில் டாம்பா நகரில், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டில் மாநிலம் மாநிலமாக வாக்கைச் சொன்னார்கள். அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் ரான் பாலுக்கு வாக்களித்தார்கள். மேடையில் இருந்தவர் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ராம்னியின் எண்ணிக்கையை மட்டும் ஒலிபெருக்கியில் திருப்பிச் சொன்னார். பால் வாங்கியது காற்றோடு போனது. நம்மவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கொண்ட கொள்கைக்கு மத்திய வங்கியும் போரும் பாதிக் காரணம் என்றால், இந்த ஓரவஞ்சனை மீதிப் பாதி. அதைப் பிடுங்கிவிட்டால் அவரும் ஏதோ ஒரு கட்சியின் சாதாரண வாக்காளர், அவ்வளவுதான்.

இப்போதும் அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், கடைசியில் 2016க்கு வந்து சேர்வார். அந்தத் தேர்தலில் ரான் பால் நிற்கவில்லை. வயது 81. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழு டிசம்பர் 19 அன்று கூடியபோது, டெக்சாஸ் உறுப்பினர் ஒருவர் டிரம்புக்குப் போட வேண்டிய வாக்கை ரான் பாலுக்குப் போட்டுவிட்டார். ஆக, போட்டியிடாத அந்தக் கிழவர், ஜனாதிபதி தேர்தலில் முறைப்படி ஒரு தேர்வாளர் வாக்குப் பெற்றவராகப் பதிவேட்டில் ஏறிவிட்டார். “இதை எந்தக் கருத்துக்கணிப்பு சொல்லிச்சு?” என்று கேட்பார் நம்மவர். எதுவும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.