புறம்போக்குல வெச்சுப் பேசு

ஏனம்மிணி, பார்க்குல ஆரோ விட்டுட்டுப் போன மொசலை மடியில கட்டிட்டு வந்துட்டயாமா? சந்தோசம். வந்த அன்னைக்கே அதை உன்ற பழைய மொசல் துரையோட கூண்டுக்குள்ள எறக்கிவிட்டு, ரெண்டும் கட்டிப் புடிக்கும்னு செல்போனோட காத்துட்டிருந்தயாமா. மசுரு பறந்ததுதான் மிச்சம்னு உங்கம்மா சொல்றா. படமாவது நல்லா வந்துச்சா?

துரை மேல தப்பில்லை. கட்டில் காலு, சொவத்து மூலை, உன்ற செருப்பு, எல்லாத்துலயும் தாடையைத் தேச்சுட்டே போறானே, அதைக் கொஞ்சறான்னு நெனச்சுட்டிருக்கற. தாடைக்கடியில வாசனைச் சுரப்பி இருக்குது. சர்வேயர் கல்லு நட்டுட்டுப் போறாப்பல போறான். வீடு மொத்தமும் அவன் பேர்ல பட்டா. நீயும் அதுல குடியிருக்கற ஆளுதான். அங்க கொண்டுபோய் அசலை எறக்கிவிட்டா கடிக்காம காப்பித்தண்ணியா வெச்சுக் குடுப்பான்?

மொதல்ல ரெண்டு வாரம் புதுசை வேற ரூம்ல வை. பயந்த மொசல் சீக்கை வெளியில காட்டாது. காதுல சொறிப்பூச்சி, மூக்குல சளி, கழிச்சல் எல்லாம் இருக்குதான்னு டாக்டரு பாக்கட்டும். ஆணா பொண்ணான்னும் அவரே சொல்லட்டும். கடைக்காரன் பேச்சைக் கேட்டுத்தான துரைக்கு மொதல்ல ராணின்னு பேரு வெச்ச?

புதுசு பொட்டையா இருந்தா 30 நாள்ல குட்டி. போட்ட அன்னைக்கே மறுபடியும் சினை புடிக்கும். உன்ற பிளாட்டு மன்னவனூரு மொசல் பண்ணை ஆயிப்போகும். அங்க கவர்மெண்டு சம்பளம் குடுக்குது, உனக்கு ஆரு குடுப்பா? மொசல் வைத்தியம் தெரிஞ்ச டாக்டராப் பாத்துத் துரைக்குக் கருத்தடை பண்ணிப்போடு. அப்பறமும் ஆறு வாரம் பொட்டைகிட்ட விடாதே, சரக்கு மிச்சம் இருக்கும். பேத்திகிட்டப் பேசற பேச்சா இது?

பொறவு கூண்டு ரெண்டையும் பக்கத்துல வை, நடுவுல ஒரு சாண் விட்டு. ஒட்டி வெச்சீன்னா கம்பி வழியா மூக்கைக் கடிச்சுப்போடும். இவன் படுத்த துணியை அதுக்குப் போடு, அது படுத்ததை இவனுக்கு. ரெண்டுக்கும் ஒரே நேரத்துல புல்லு வை. காங்கயம் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லு ஒரு கட்டு குடுத்தனுப்பறேன். கேரட்டு கேரட்டுன்னு சக்கரையை ஊட்டாதே, பொம்மைப்படத்து மொசல் வேற.

புதுசு அசையாம உக்காந்திருந்தா சாதுன்னு அர்த்தமில்லை, பயத்துல வெறைச்சுக் கெடக்குது. தூக்காதே. கூண்டுப் பக்கத்துல தரையில படுத்துட்டு புஸ்தகம் படி, நீ பரிச்சைக்குப் படிச்சாப்பலயும் ஆச்சு. மூக்குக்கு நேரா கையை நீட்டாதே; சுத்தி எல்லாம் தெரியற அந்தக் கண்ணுக்கு மூக்குக்கு முன்னால இருக்கறது மட்டும் தெரியாது. அரை நாள் திங்காம, புழுக்கை போடாம கெடந்தா மட்டும் விடியட்டும்னு இருந்துடாதே. குடல் நின்னுபோகும், ராத்திரியானாலும் டாக்டர்கிட்ட ஓடு.

பேச்சுவார்த்தை எப்பவும் புறம்போக்குல. துரை காலே வெக்காத எடமாப் பாரு, குளியல் ரூம்னாலும் சரி. வழுக்காம சாக்கு விரி. ஒளிய அட்டைப்பெட்டி வெச்சா ரெண்டு வாசல் வெட்டு. ஒரே வாசல்னா உள்ள போனது மாட்டிக்கும். பத்து நிமிசம் போதும். தொரத்தும், மேல ஏறும், துளி மசுரு புடுங்கும். எடையில பூந்து நாட்டாமை பண்ணாதே. ஆனா காதைப் பின்னால மடக்கி, வாலைத் தூக்கிட்டு வட்டம் சுத்துனா அடுத்தது கடிதான். வெறுங்கையை விடாதே, கெட்டித் துண்டைப் போட்டு வெலக்கு. தலைப்பக்கமா ஏறுனாலும் எறக்கிவிட்ரு. கீழ இருக்கறது கடிச்சா எங்க கடிக்கும்னு அப்புச்சி வாயால சொல்ல வெக்காதே.

என்னைக்காவது ஒண்ணு தலையைத் தாழ்த்திக் குடுத்து, இன்னொண்ணு அதை நக்கிவிட்டுச்சுன்னா கூட்டுப் பட்டா ஆயிப்போச்சுன்னு வெச்சுக்க. ரெண்டு நாள்லயும் ஆகும், ரெண்டு மாசமும் இழுக்கும். அதுக்குப் பொறவு ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டையும் சேத்தே கூட்டிட்டுப் போ. ஒண்ணு மட்டும் போய் மருந்து வாசத்தோட திரும்புச்சுன்னா துரை மறுபடியும் "ஆரு நீயி?"ன்னு வில்லங்கம் பண்ணுவான். ஆட்டோக்காரன் கூடக் கேட்டா அப்புச்சி குடுப்பாருன்னு சொல்லு. உங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதே.