ஹவுரா மருமவனுக்கு ஒரு ‘வின்’ பாடம்

என்னவே மருமவனே, ஹவுராவுக்கு மாத்தலாகி ரெண்டு மாசம் ஆவலை, அதுக்குள்ள போனுல இங்கிலீசு மணக்குது! சம்பளம் ஒரு சல்லி ஏறலை, வேலை மட்டும் ரெட்டிச்சிருக்கு. கேட்டா, “மேனேசருக்கும் எனக்கும் வின்-வின் மாமா”ங்கீரு. ரெண்டு ‘வின்’னும் அவரு பையில கெடக்குவே. நடுவுல ஒரு கோடு இருக்கு பாரும், அதான் உம்ம பங்கு.

அந்த வார்த்தையோட பூர்வீகம் தெரியுமா? பழைய இங்கிலீசுல ‘வின்னன்’னா பாடுபடுதது, மல்லுக்கட்டுதது. கெலிக்கிறதெல்லாம் பொறவு வந்த பவுசு. இன்னைக்கும் சுரங்கத்துக்காரன் பூமியில இருந்து கரி எடுக்கிறதை ‘வின்’னுன்னுதான் சொல்லுதான். நீரு இறங்கின அந்த ஹவுரா ஸ்டேசன்ல இருந்து 1854-ல ஹூக்ளிக்கு மொத ரயிலு போச்சு. மறுவருசமே ராணிகஞ்சு வரைக்கும் தண்டவாளம் நீண்டுட்டு. எல்லாம் அங்க கெடந்த கரி மேல உள்ள ஆசைதான். வெட்டுனவன் மூஞ்சி கறுத்துச்சு, வித்தவன் மடி கனத்துச்சு. அசல் அர்த்தப்படி பாத்தா நீரு தெனமும் ‘வின்’ பண்ணிக்கிட்டுத்தான் இருக்கீரு, ஒத்துக்கிடுதேன்.

இன்னொரு ‘வின்’னுக்கு, உங்க ஊருக்காரரு, கால்பந்து வீரரு சைலேன் மன்னா கதையைக் கேளும். அவரு பேருல அங்க ஒரு ஸ்டேடியமே இருக்கு, ஞாயித்துக்கெழமை போயிப் பாரும். 1948 லண்டன் ஒலிம்பிக்ல நம்ம ஆளுக முக்காவாசிப் பேரு வெறுங்காலோட பந்து ஆடுனாவ. பூட்ஸு போட்ட பிரான்சுக்காரனுக்கு எதுக்க சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடிச்சாரு. ஆனா பெனால்டி ரெண்டும் வீணாப் போச்சு, அதுல ஒண்ணு மன்னா அடிச்சது. கடைசியில 2-1, தோல்வி. அதுக்கும் இங்கிலீசுல ஒரு ‘வின்’ வச்சிருக்கான்வே: சனங்க மனசை ‘வின்’ பண்ணிட்டாவளாம்! மனசைச் சொமந்துக்கிட்டு இவுக வெளியேற, பிரான்சுக்காரன் அடுத்த ஆட்டத்துக்குப் போயிட்டான்.

மன்னா அந்த மனசை வச்சுக்கிட்டு சும்மா இருக்கலை. 1951-ல டெல்லி ஆசியப் போட்டிக்கு அவருதான் கேப்டன். ஈரானை 1-0ன்னு சாய்ச்சு தங்கத்தைத் தூக்கிட்டுல்லா வந்தாரு.

அதனால அடுத்தவாட்டி மேனேசரு ‘வின்’னுன்னு வாயத் தொறந்தா, “ஐயா, இது கரி வின்னா, மனசு வின்னா, தங்க வின்னா?”ன்னு பணிவாக் கேளும். கேக்கிறதுக்கு முந்தி ஹவுரா மெயில்ல ஒரு டிக்கெட்டும் போட்டு வச்சுக்கிடும். உங்க அத்தை கருவாட்டுக் கொழம்பு வைக்கணும்னா ஒரு நாள் முன்னாடியே சொல்லணும்லா.