பேரிங்குக்கும் ஒரு பொன்னாடை

பெறுநர்: நெடுஞ்சாலைத் துறை ஐயாமார்கள்.
பொருள்: திறந்த பாலங்களுக்கு மீண்டும் திறப்பு விழா கோருதல்.



கோவைக்குப் பாலம் தருவதில் துறை குறை வைத்ததே இல்லை. 2022 ஜூனில் திருச்சி சாலை, 2024 ஆகஸ்ட் 9-ல் உக்கடம், 2025 அக்டோபர் 9-ல் அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர். ரிப்பனுக்கும் கல்வெட்டுக்கும் பஞ்சமில்லை. திருச்சி சாலையில் மட்டும் சின்ன மறதி: சுங்கம் வளைவில் இருசக்கர வாகனக்காரர்கள் கீழே விழுந்து உயிரிழந்த பிறகு வேகத்தடை வந்தது.

பாலம் அசையாது என்று ஊரார் நம்புகிறார்கள். உங்கள் பொறியாளர்களுக்கு உண்மை தெரியும். முப்பது மீட்டர் கான்கிரீட் தளம், வெப்பம் முப்பது டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும். லாரி ஏறினால் வளையும், போனதும் நிமிரும். அதற்குத்தான் தளங்களுக்கு நடுவே எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், தூண் தலையில் ரப்பர் பேரிங். ஜாயின்ட்டில் மண்ணும் ஜல்லியும் அடைத்துக்கொண்டால் நீள இடமில்லாத தளம் பக்கத்துத் தளத்தை முட்டி விளிம்பை உடைக்கும். மழைநீர் ஒழுகித் தூண் தலையை அரிக்கும். இதைப் பார்க்கப் பாலத்துக்கு அடியில் போக வேண்டும். அங்கே மேடை போட முடியாது என்பதுதான் சிக்கல் போலிருக்கிறது.

குஜராத்தின் மோர்பியில் விழாவுக்குத் தோதாகத்தான் வேலை பார்த்தார்கள். தொங்குபாலத்துக்குப் புதுத் தளம் போட்டு, 2022 அக்டோபர் 26-ல் குஜராத்திப் புத்தாண்டன்று திறந்தார்கள். 30-ஆம் தேதி அறுந்தது. 135 பேர் இறந்தார்கள். பிரதானக் கம்பிவடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்தன என்றது சிறப்புப் புலனாய்வுக் குழு. கால் வைக்கும் இடம் புதுசு, தாங்கும் இடம் பழசு. 2025 ஜூலை 9-ல் அதே மாநிலத்தில் 1985-ல் திறந்த கம்பீரா பாலமும் இடிந்தது.

ஆகவே கோவைக்காரர்களின் கோரிக்கை: ஜாயின்ட் தூர்வாரும் நாளில் மேளம் கொட்டுங்கள். மாற்றிய பேரிங்குக்குப் பொன்னாடை போர்த்துங்கள். ஒவ்வொரு பாலத்திலும் கல்வெட்டு வையுங்கள்: யார், எப்போது சோதித்தார், அடுத்த சோதனை எப்போது. மேலே எந்தத் தலைவர் பெயரை வேண்டுமானாலும் பொறித்துக்கொள்ளலாம். தேதி மட்டும் நிஜமாக இருக்கட்டும்.

முதல் விழாவை அவிநாசி சாலை ஜி.டி. நாயுடு மேம்பாலத்திலேயே வைக்கலாம். 1920-ல் ஒற்றைப் பேருந்தோடு பொள்ளாச்சி–பழனி வழியில் தொழில் தொடங்கியவர் அவர். வண்டிக்கு கிரீஸ் வைக்காவிட்டால் என்னாகும் என்பது தெரியாதவரா? மேடையை மட்டும் ஜாயின்ட் மேல் போட வேண்டாமுங்க.

இப்படிக்கு,
பாலத்தின் மேலும் கீழும் போய்வரும் கோவை மக்கள்.

நகல்: பந்தல் கான்ட்ராக்டர், தகவலுக்காக.